சபா மேடையிலும் சின்னத்திரையிலும் ஐம்பது ஆண்டுகள்: எங்கள் பெரியம்மாவின் வாழ்வை எழுத உதவி வேண்டும்

மந்தைவெளி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரியம்மா, அதாவது என் தாயாரின் மூத்த சகோதரி, சென்ற ஆண்டு தம்முடைய எண்பதாவது வயதில் எங்கள் வீட்டிலேயே காலமானார். 1960 முதல் 2011 வரை அவர் நடிகையாக மட்டுமே வாழ்ந்தார். வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையின் சபா நாடகங்களிலும், இடையிடையே வானொலியிலும், பிறகு தூர்தர்ஷன் நாடகங்களிலும், கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். அவர் மறைந்த மறுநாள் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குச் செய்தி கொடுக்கச் சென்றபோது, அங்கிருந்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தப் படத்தில் நடித்தார்?" அவர் மூன்று திரைப்படங்களில் மூன்று காட்சிகளில் மட்டுமே வந்தார், அவற்றில் இரண்டில் வசனமே கிடையாது. நான் அந்த மூன்று படங்களின் பெயரையும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் "பழம்பெரும் திரைப்பட நடிகை" என்று நான்கு வரி வந்தது. அந்த நான்கு வரியைப் படித்த வெட்கம் இன்னும் எனக்குத் தீரவில்லை, ஏனென்றால் அந்தத் தகவலைக் கொடுத்தவளே நான்தான்.

அதனால் அவருடைய வாழ்க்கையைச் சரியாக எழுதி, குடும்பத்துக்காகவாவது ஒரு சிறு நூலாக அச்சிட விரும்புகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எங்கள் தாத்தா மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்றில் ஆர்மோனியம் வாசித்தவர். கம்பெனி கலைந்தபின் 1955 வாக்கில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனத்தில் தங்கினார். ஒரு நாடகத்தில் தங்கை வேடம் போடவேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட, ஒத்திகைகளைக் கேட்டுக் கேட்டே எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்திருந்த பெரியம்மாவை அன்று மாலை மேடையேற்றிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது பதினாறு. அன்றைக்குக் கிடைத்தது 15 ரூபாய். அதன்பின் என் அம்மாவின் கல்லூரிக் கட்டணமும், மாமாவின் முதல் சைக்கிளும், தாத்தாவின் கண் அறுவைச் சிகிச்சையும் அவர் மேடையேறிச் சம்பாதித்த பணத்தில்தான் நடந்தன. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் துணிவு எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

அவர் விட்டுச்சென்றது ஓர் இரும்புப் பெட்டி. அதில் காய்ந்துபோன ஒப்பனைச் சாமான்கள், ஜரிகை கறுத்த இரண்டு பட்டுப் புடவைகள், ஓர் ஒலிநாடா, நீண்ட கணக்கு நோட்டுகள் ஏழு. நோட்டைக் கண்டதும் எல்லாம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ஆனால் அதில் தேதி, அரங்கம், தொகை, "வந்தது" அல்லது "பாக்கி" என்ற நான்கு கட்டங்கள் மட்டுமே இருக்கின்றன. "வாணி மகால், 40, வந்தது." "ரசிக ரஞ்சனி சபா, 40, பாக்கி." நாடகத்தின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. மேடையில் எடுத்த ஒரு புகைப்படமும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவருடைய வாழ்க்கையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

மூன்றாம் மணி எழுதியது:

அம்மா, உங்கள் பெரியம்மாவை நான் மேடையில் பார்த்திருக்கவே வேண்டும். 1966 முதல் 1990 வரை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நடந்த சபா நாடகங்களில் நான் தவறவிட்டவை குறைவு. அவற்றில் எட்டு ஆண்டுகள் ஒரு நாடகக் குழுவில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டராகவும் இருந்திருக்கிறேன். அந்த நோட்டில் நாடகப் பெயர் ஏன் இல்லை என்பதை என்னால் சொல்ல முடியும்.

அந்தக் காலத்துச் சபாக்கள் உறுப்பினர் சந்தாவில் நடந்தவை. மாதத்துக்கு ஒரு நாடகமாவது போடவேண்டும் என்பது உறுப்பினர்களுக்குச் சபா கொடுத்த வாக்கு. ஆகவே ஒரு நாடகம் நன்றாக அமைந்துவிட்டால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பார்த்தசாரதி சுவாமி சபா என்று வரிசையாகப் போய், பிறகு குரோம்பேட்டை, பெரம்பூர், ஆவடி என்று புறநகர்ச் சபாக்களுக்கும் சென்று, ஐம்பது, நூறு முறை நடக்கும். குழுவிலிருந்த ஆண்களில் பெரும்பாலோர் வங்கியிலோ, அரசுக் கணக்குகளைப் பார்க்கும் ஏ.ஜி. அலுவலகத்திலோ, காப்பீட்டு நிறுவனத்திலோ வேலை பார்த்தவர்கள். மாலை ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்து நேரே அரங்கத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு நாடகம் ஆர்வம். சம்பளம் வேறிடத்தில் வந்துவிடும். ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற குழுவின் பெயரிலேயே "அமெச்சூர்" என்ற சொல் பெருமையோடு இருந்தது.

ஆனால் பெண்களின் நிலை வேறு. நடுத்தரக் குடும்பத்துப் பெண்களை மேடையேற வீட்டார் எளிதில் விடாத காலம் அது. எனவே ஒவ்வொரு குழுவும் நாடகத்தையே தொழிலாகக் கொண்டிருந்த சில நடிகைகளைத்தான் ஒரு முறை மேடையேறுவதற்கு இவ்வளவு என்று பேசி அழைத்தது. அந்தச் சிலர்தான் எல்லாக் குழுக்களுக்கும். திங்களன்று ஒரு குழுவில் டைப்பிஸ்ட் மகள், புதனன்று இன்னொரு குழுவில் விதவைத் தாய், சனிக்கிழமை மூன்றாவது குழுவில் பணக்கார வீட்டு மருமகள். ஐந்து நாடகங்களின் வசனம் ஒரே நேரத்தில் அவர்கள் தலையில் இருக்கும். ஆண்கள் மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருக்க, அவர்களுக்குக் கடைசி மூன்று ஒத்திகைதான் கிடைக்கும். அதற்கு மேல் வரச் சொன்னால் பேருந்துக் கட்டணம் கொடுக்கவேண்டும் என்று குழுவினர் தயங்குவார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நடிகையை அழைப்பது செலவு என்பதால் எழுத்தாளர்களே பெண் பாத்திரங்களைக் குறைத்து எழுதினார்கள். ஒரு கூடம், ஒரு சோபா, ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள் என்ற அந்த அமைப்பு கலைக்காக மட்டும் வந்ததில்லை.

நோட்டில் நாடகப் பெயர் இல்லாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எந்த நாடகம் என்பது அவருக்கு நினைவிலேயே இருந்தது, எழுதவேண்டிய தேவை இல்லை. எந்தச் சபாவில் பணம் வரவில்லை என்பதை மட்டும்தான் எழுதி வைக்கவேண்டியிருந்தது.

ஏடு தேடுபவர் எழுதியது:

இந்த வாழ்க்கைக்குச் சற்று நீண்ட பின்னணி உண்டு, நூலின் முன்னுரையில் அது இடம்பெற்றால் நல்லது.

தமிழ் மேடையில் பெண் வேடம் பெண்ணுக்கே என்பது நெடுங்காலம் நடைமுறையாக இருக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த பாலர் கம்பெனிகளில் சிறுவர்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை படித்த கனவான்களின் சபை. அங்கும் ஆண்களே நாயகிகள். அவ்வை டி.கே. சண்முகம் தமிழ்க் கிழவியாக நடித்தே தம் பெயருக்கு முன் "அவ்வை" என்பதைப் பெற்றார், லாயிட்ஸ் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மறுபக்கம், கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு கம்பெனி நடத்தினார். கே.பி. சுந்தராம்பாள் 1935இல் திரைப்படத்தில் நந்தனாராக, ஓர் ஆணாக, நடித்தார். தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டு "காளிதாஸ்" நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து சென்றவர். 1936இல் "மிஸ் கமலா"வை அவரே எழுதி இயக்கினார்.

ஆனால் கவனியுங்கள், இவர்களில் திரைக்குச் சென்றவர்களைத்தான் நாம் விரிவாக அறிந்திருக்கிறோம். மனோரமாவையே எடுத்துக்கொள்வோம். மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில் வளர்ந்து, "பள்ளத்தூர் பாப்பா" என்று மேடையில் பெயர் எடுத்து, எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்து, அதன்பின் 1958இல் "மாலையிட்ட மங்கை"யின் வழியாகத் திரைக்கு வந்தவர் அவர். 2015இல் அவர் மறைந்தபோது வந்த கட்டுரைகளில் ஆயிரம் படங்களைப் பற்றிப் பத்துப் பத்தியும், மேடையைப் பற்றி ஒரு பத்தியும் இருந்தன. இத்தனைக்கும் "தில்லானா மோகனாம்பாள்" ஜில் ஜில் ரமாமணியாக அவர் நடித்துக் காட்டியது நாடகக் கொட்டகை நடிகை ஒருத்தியைத்தான். சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகங்களில் ஆண்டுக்கணக்கில் நடித்த சுகுமாரிக்கும் இதே கதைதான்; அவர் பெற்ற பத்மஸ்ரீயையும் தேசிய விருதையும் எல்லோரும் சொல்வார்கள், அவருடைய மேடை நடிப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

ஆகவே வாசகி அவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீசுகள் இருக்கின்றன. உங்கள் நோட்டின் தேதியையும் அரங்கத்தையும் பழைய நாளிதழ்களின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியோடு ஒப்பிட்டால் நாடகத்தின் பெயர் கிடைத்துவிடும். ஏழு நோட்டு என்பது பெருஞ்செல்வம். தயவுசெய்து யாரிடமும் மூலப்பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

மந்தைவெளி வாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஏடு தேடுபவர் சொன்னபடி 1971ஆம் ஆண்டு நோட்டில் ஆறு தேதிகளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குச் சென்றேன். நான்குக்கு நாடகப் பெயர் கிடைத்துவிட்டது. விளம்பரத்தில் எழுதியவர் பெயரும் நாயகனின் பெயரும் இருந்தன. பெரியம்மாவின் பெயர் இல்லை, "மற்றும் பலர்" என்பதற்குள் இருந்தார்.

ஒரு கேள்வி. அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தெரியவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய மறு ஆண்டே அவர் அங்கே நாடகத்தில் நடித்தார். செவ்வாய்க்கிழமை நாடகம் வரும் மாலைகளில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம். அந்த நாடகங்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒளி இருக்கும். ஆனால் 1999க்குப் பிறகு நடித்த தொடர்களைப் பற்றிப் பேசவே மாட்டார். "சித்தி" ஒளிபரப்பான பிறகு தொடர்கள் பெருகி, பாட்டி வேடங்களுக்கு ஆள் தேடிய காலம் அது. பணம் அப்போதுதான் முதன்முறையாக நிம்மதியாக வந்தது. தெருவில் முகம் தெரிந்து பேசியவர்களும் அந்தத் தொடர்களைப் பார்த்தவர்களே. இருந்தும், ஒளிபரப்பாகும் நேரத்தில் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிவிடுவார். ஒருமுறை நான் வற்புறுத்தியபோது, "அது நான் இல்லை" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு கவனித்தேன், திரையில் பேசியது அவருடைய குரல் அல்ல.

வளசரவாக்கத்திலிருந்து எழுதியது:

வணக்கம் அம்மா. நான் 2004 முதல் ஒன்பது ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களில் உதவி இயக்குநராக இருந்தவன். உங்கள் பெரியம்மாவோடு நான் வேலை செய்யவில்லை, ஆனால் அவரைப் போன்ற நாடக மேடை அம்மாக்கள் நால்வரோடு செய்திருக்கிறேன். குரல் ஏன் மாறியது என்பதை உள்ளிருந்து சொல்கிறேன்.

அந்த நாட்களில் மெகா தொடர் வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பானது. எங்கள் படப்பிடிப்புகள் வளசரவாக்கம், விருகம்பாக்கம், போரூர் பகுதிகளில் நாள் வாடகைக்கு எடுத்த வீடுகளில் நடந்தன. காலையில் தொடங்கி இரவுவரை எடுத்தால்தான் ஒளிபரப்புக்கு ஈடுகொடுக்க முடியும். வசனம் பல நாட்களில் அன்று காலையில்தான் கையெழுத்துப் பிரதியாக வரும். மனப்பாடம் செய்ய நேரமே கிடையாது. ஆகவே உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்க, நடிப்பவர் அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதைத்தான் நாங்கள் பிராம்ப்டிங் என்போம். ஒலிப்பதிவில் என் குரலும், தெருவில் போகும் ஆட்டோவும், மாடியில் ஓடும் மோட்டாரும் விழுந்துவிடுவதால் அந்த ஒலி பயன்படாது. பின்னர் டப்பிங் கூடத்தில் குரல் சேர்ப்போம். நடித்தவரே வந்து பேசலாம். ஆனால் அன்று அவருக்கு வேறு படப்பிடிப்பு இருந்தால், அல்லது வயதானவரை இரவு பத்து மணிக்கு வரவழைக்க முடியாவிட்டால், அருகிலிருக்கும் டப்பிங் கலைஞர் பேசிவிடுவார். ஒளிபரப்பு மறுநாள் மாலை.

மேடையிலிருந்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு வேதனை என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மா என்னிடம், "தம்பி, ஒரே ஒரு முறை படித்துக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள், பிறகு நானே சொல்கிறேன்" என்று கெஞ்சினார். இரண்டு பக்க வசனத்தை ஒருமுறை கேட்டுவிட்டு ஒரு சொல் பிசகாமல் சொன்னார். ஆனால் எதிரே நின்ற இளம் நடிகைக்குத் தமிழே தெரியாது. அவருக்காக நான் படித்தே தீரவேண்டும். என் குரல் குறுக்கே விழ விழ, அம்மாவின் பேச்சு உடைந்துகொண்டே போனது. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி அவர்களை அழித்தது என்று எழுதிவிடாதீர்கள். எண்பதுகளின் இறுதியிலிருந்தே சபாக்களில் நாடகத்துக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. அறுபது வயதில் மேடையில் வாய்ப்பில்லாத அந்த அம்மாக்களுக்கு மாதம் பத்து, பதினைந்து நாள் வேலையும், வீட்டு வாசலுக்கு வந்து அழைத்துச் செல்லும் யூனிட் வண்டியும், அன்றன்றைய சம்பளமும் கொடுத்தது தொடர்தான். "பாக்கி" என்ற சொல் உங்கள் நோட்டில் 1999க்குப் பிறகு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்.

மந்தைவெளி வாசகி எழுதியது:

பார்த்தேன். 1999க்குப் பிறகு நான்கு முறைதான் வருகிறது. 1978ஆம் ஆண்டில் மட்டும் முப்பத்தொன்று. தம்பி சொல்வதை நூலில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் மனத்துக்குள் எழுதத் தொடங்கியிருந்தது நீங்கள் எழுதவேண்டாம் என்று சொன்ன அதே வாக்கியத்தைத்தான்.

பின்னணிக் குரல் எழுதியது:

சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக டப்பிங் கலைஞர். தாய், பாட்டி, மாமியார் வேடங்களுக்கு நூற்றுக்கணக்கான இரவுகள் பேசியிருக்கிறேன். வாசகி அம்மா, உங்கள் பெரியம்மாவுக்குப் பேசியது நானாகவும் இருக்கலாம். அதை அறிய வழியில்லை, ஏனென்றால் யாருக்குப் பேசினோம் என்று எங்களுக்கே பல நேரம் பெயர் தெரியாது. திரையில் எங்கள் பெயரும் வருவதில்லை.

மேடையிலிருந்து வந்தவர்களுக்குப் பேசுவது எங்களுக்கு எப்போதும் தனி அனுபவம். மற்றவர்கள் பிராம்ப்டிங்கைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதால் வாய் ஒரே சீராக அசையும், பொருளுக்கும் நிறுத்தத்துக்கும் தொடர்பே இருக்காது. மேடைக்காரர்களின் வாய் அப்படியில்லை. வினைமுற்று வரை மூச்சைக் கட்டிவைத்துக்கொண்டு வருவார்கள்; கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்ற பழக்கத்தால் வாக்கியத்தின் இறுதி அசை கீழே விழாது. ஒலியை அணைத்துவிட்டு அவர்கள் முகத்தை மட்டும் பார்த்தாலே எந்தச் சொல்லில் அழுத்தம் என்று தெரியும். நான் அந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நடிப்புக் கற்றுக் கொடுத்தவர்கள் முகம் மட்டும் தெரிந்த அந்த அம்மாக்கள்தாம். அவர் "அது நான் இல்லை" என்று சொன்னதைப் படித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது சரிதான். ஆனால் நாங்கள் அலட்சியமாகப் பேசவில்லை என்பதை மட்டும் உங்கள் நூலில் ஒரு வரியாக எழுதுங்கள்.

அந்த ஒலிநாடாவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே? அவருடைய குரல் இருக்கிறதா?

மந்தைவெளி வாசகி எழுதியது:

உங்கள் வரியைக் கட்டாயம் எழுதுகிறேன். ஒரு வரியாக அல்ல, நீங்கள் இங்கே எழுதியதையே உங்கள் அனுமதியோடு முழுமையாகச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒலிநாடாவைப் பற்றித் தயக்கத்தால் சொல்லாமல் இருந்தேன், இயக்கினால் அறுந்துவிடுமோ என்ற பயம். திருவல்லிக்கேணியில் பழைய டேப் ரிக்கார்டர்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்து எண்ணியல் கோப்பாக மாற்றி வாங்கினேன். வானொலி நாடகமாக இருக்கும் என்று எண்ணினேன். சென்னை வானொலி நிலையத்தில் நாடகக் குரல் தேர்வில் தேறி அவர் பல ஆண்டுகள் பேசியிருக்கிறார். ஆனால் இது சபாவில், அவையோரில் யாரோ பதிவு செய்தது. குழந்தை அழுகிறது, நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன, மின்விசிறி ஓடுகிறது. நாற்பத்து மூன்று நிமிடம். பெரியம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கவேண்டும். நான் அறிந்திருந்த கிழவியின் நடுங்கும் குரல் இல்லை அது. தெளிவாக, அவசரமே இல்லாமல், அந்தக் கூடம் முழுவதையும் ஒரு கையால் பிடித்துவைத்திருப்பது போன்ற குரல். என் அம்மா முதல் பத்து நிமிடம் கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

ஓரிடம் மட்டும் எனக்கு விளங்கவில்லை, மூன்றாம் மணி ஐயாவால் முடிந்தால் விளக்கவும். அது கணவனும் மனைவியும் வீட்டைப் பற்றிப் பேசும் காட்சி. கணவன் நெடுநேரம் பேசுகிறார். பிறகு பெரியம்மா, "மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டால் பையனைப் பட்டணத்தில் படிக்க வைத்துவிடலாம் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?" என்கிறார். அவ்வளவுதான், வேடிக்கையான வசனம்கூட இல்லை. ஆனால் அரங்கமே கைதட்டுகிறது. பின்வரிசையிலிருந்து ஒருவர் "சபாஷ்" என்கிறார். இந்தச் சாதாரண வசனத்துக்கு ஏன் இவ்வளவு கைதட்டல்?

மூன்றாம் மணி எழுதியது:

அம்மா, அந்த வசனம் நாடகத்தில் இல்லாதது.

கணவனாக நடித்தவர் தம்முடைய வசனத்தை மறந்துவிட்டார். மாடியை வாடகைக்கு விடலாம் என்பது அவர் சொல்லவேண்டிய வரி. அது வராவிட்டால் கதை நகராது. பிராம்ப்டர் பக்கத் திரையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார். பதற்றத்தில் நடிகருக்கு அது காதில் விழாது, இது நான் அனுபவத்தில் கண்டது. அப்படி நின்றுவிட்டவருடைய வரியை, மனைவி கணவனின் மனத்தைப் படிப்பதுபோல மாற்றி, கேள்வியாக அவரிடமே கொடுத்திருக்கிறார் உங்கள் பெரியம்மா. அவர் "ஆமாம்" என்று சொன்னால் போதும், நாடகம் தண்டவாளத்துக்கு வந்துவிடும். சபா உறுப்பினர்கள் பலர் ஒரே நாடகத்தை இரண்டு, மூன்று முறை பார்த்தவர்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. கைதட்டல் வசனத்துக்கு அல்ல.

இது எல்லோருக்கும் வராது. தன் வசனத்தோடு எதிரில் நிற்பவரின் வசனமும் தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பாத்திரத்தின் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சாகவும் இருக்கவேண்டும். மறந்தவரின் மானமும் போகக்கூடாது. நான் பிராம்ப்டராக இருந்த எட்டு ஆண்டுகளில் இதை இவ்வளவு அழகாகச் செய்த நடிகைகள் இருவரைத்தான் பார்த்தேன். அவர்களில் ஒருவர் திருவல்லிக்கேணியிலிருந்து பேருந்தில் வருவார், கையில் எப்போதும் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கும். இவ்வளவு நாள் பெயர் நினைவுக்கு வராமல் தவித்தேன். தனிமடலில் எழுதியிருக்கிறேன், சரிதானா என்று பாருங்கள்.

மந்தைவெளி வாசகி எழுதியது:

சரிதான் ஐயா. அவரேதான்.

நேற்றிரவு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன், இந்த முறை அம்மாவும் உடனிருந்தார். பெரியம்மா பேசுவதற்கு முன் ஏழு விநாடி மௌனம் இருக்கிறது. முன்பு அதை நான் கவனிக்கவே இல்லை. அந்த மௌனத்தில், மிகவும் மெல்லியதாக, தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் "மாடிப் போர்ஷன், மாடிப் போர்ஷன்" என்று இரண்டு முறை சொல்கிறது. அது நீங்களாக இருக்குமோ ஐயா?

அம்மா இன்னொன்றும் சொன்னார். தாத்தா கடைசி இரண்டு ஆண்டுகள் நினைவு தப்பி, பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் திணறுவாராம். அப்போதெல்லாம் பெரியம்மா, "ஆர்மோனியத்தை எங்கே வைத்தாய் என்றுதானே கேட்க வருகிறீர்கள், அப்பா?" என்று தொடங்குவாராம். தாத்தா "ஆமாம்" என்பாராம். மற்ற பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தவர் பெரியம்மாவிடம் மட்டும் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லையாம்.

கோப்பின் அந்த இரண்டு நிமிடப் பகுதியை இங்கே இணைத்திருக்கிறேன். பின்னணிக் குரல் அம்மா, நீங்கள் முதலில் கேளுங்கள்.

பின்னணிக் குரல் எழுதியது:

கேட்டேன். நான் ஒரு பாட்டிக்கு நீண்ட நாள் பேசியிருக்கிறேன். "தெரியாதா" என்ற சொல்லின் கடைசி அசையை அவர் வாய் இப்படித்தான் நீட்டி நிறுத்தும்.

மூன்றாம் மணி எழுதியது:

அந்த மெல்லிய குரல் என்னுடையதுதான் அம்மா. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நோட்டுகளைப் பார்க்கலாமா? 1970 முதல் 1978 வரை உள்ளவற்றுக்கு நாடகப் பெயர்களை என்னால் இயன்றவரை நிரப்பித் தருகிறேன். பென்சிலால்தான் எழுதுவேன்.